ஒரு பக்கம் போதும்

1930 ஜனவரியில் லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' இதழில் சர் அம்புரோஸ் ஃபிளெமிங் ஒரு கட்டுரை எழுதினார். 1904இல் வானொலி வால்வைக் கண்டுபிடித்தவர் அவர். அப்போது வயது 80. அவர் சொல்லை மறுத்துப் பேசப் பலரும் தயங்குவார்கள். கட்டுரையின் வாதம் இதுதான்: வானொலி நிலையம் ஒலிபரப்பும்போது வெளியே போவது ஒரே அதிர்வெண் கொண்ட ஒரே அலை. பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப அதன் உயரம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். பொறியாளர்கள் ஓயாமல் பேசுகிற 'பக்கப்பட்டைகள்' கணக்குப் போடும்போது காகிதத்தில் முளைப்பவை; இயற்கையில் அப்படி எதுவும் கிடையாது.

அவர் இதை எழுதியபோது, நியூயார்க்கில் இருப்பவர் லண்டனில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசும் வசதி வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பேச்சை அட்லாண்டிக் கடலுக்கு மேலாகக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது ஒரேயொரு பக்கப்பட்டை. உண்மையில் இருப்பதாக ஃபிளெமிங் ஒப்புக்கொண்ட அந்த ஒற்றை அலை அதில் அனுப்பப்படவே இல்லை.

பலர் பதில் எழுதினார்கள், விவாதம் சூடாக நடந்தது. ஃபிளெமிங்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிலோஸ்கோப் திரையில் வானொலி அலையைப் போட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது அவர் சொன்ன காட்சிதான். நெருக்கமான அலைகள், அவற்றின் உச்சிகளைத் தொட்டுப் போகும் ஏற்ற இறக்கம், வேறெதுவும் இல்லை. பக்கப்பட்டைகளைக் காண வேறொரு கருவி வேண்டும். அதன் பெயர் வடிகட்டி. அது கைக்கு வந்த பிறகுதான் 'கணக்கில் மட்டும்' இருந்தவை தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

பக்கப்பட்டை எங்கிருந்து வருகிறது? சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் 720 கிலோஹெர்ட்ஸ். ஒலிவாங்கியின் முன் ஒருவர் சீராக விசிலடிக்கிறார், 1 கிலோஹெர்ட்ஸில். வீச்சுப் பண்பேற்றத்தில் நடப்பது பெருக்கல். விசிலின் ஏற்ற இறக்கத்தால் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் உயரத்தைப் பெருக்குகிறோம். இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் என்ன வரும் என்பது பிளஸ் டூ மாணவர்களுக்குத் தெரியும். கோணங்களைக் கூட்டி ஒரு கொசைன், கழித்து ஒரு கொசைன், இரண்டும் சேர்ந்ததில் பாதி. ஆக, வெளியே போவது மூன்று அலைகள்: நடுவில் 720, மேலே 721, கீழே 719. விசிலுக்குப் பதில் பேச்சு என்றால், பேச்சில் உள்ள ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இதே கதை. 720க்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. நடுவில் இருப்பது ஊர்தி அலை. வானொலிக்காரர்கள் கேரியர் என்பார்கள்.

இனி ஆற்றல் கணக்கைப் பார்ப்போம். ஊர்தி அலைக்கு 100 கிலோவாட் கொடுக்கும் ஒரு நிலையம், ஒரு தனிச் சுரத்தால் முழு அளவு பண்பேற்றம் செய்தால், இரண்டு பக்கப்பட்டைகளுக்கும் தலா 25 கிலோவாட் போகும். மொத்தம் 150, அதில் மூன்றில் இரண்டு பங்கு நடு அலைக்கே. உண்மையான பேச்சில் நிலைமை இன்னும் மோசம். பேச்சு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை, ஊர்தி அலை மட்டும் எப்போதும் முழு பலத்தோடு ஓடுகிறது. அந்த அலை சொல்லும் செய்தி என்ன? ஒன்றுமில்லை. அறிவிப்பாளர் பேசினாலும் வாயை மூடிக்கொண்டாலும் அது மாறாது. மீதியுள்ள இரண்டு பட்டைகளும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. மேற்பட்டையில் இருப்பதைத் தாண்டிக் கீழ்ப்பட்டையில் புதிதாக ஒரு சொல்கூட இல்லை.

அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் ரென்ஷா கார்சன் இந்தக் கணக்கை 1915இல் அதன் கடைசி வரி வரை கொண்டுபோனார். 1886இல் பிறந்தவர், கணிதத்தில் தேர்ந்தவர். செய்தி முழுவதும் ஒரு பக்கப்பட்டையில் இருக்கிறது என்றால், அதை மட்டும் அனுப்பினால் போதாதா? அவ்வாண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; கிடைத்தது 1923இல். அதில் அவர் காட்டிய சுற்று அழகானது. இரண்டு வால்வுகளை எதிரெதிராக அமைத்து, ஊர்தி அலை இரண்டிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும்படி செய்தார். பேச்சு வந்தால் மட்டுமே சமநிலை கலையும், பக்கப்பட்டைகள் மட்டும் வெளியே வரும். சமநிலைப் பண்பேற்றி என்று அதற்குப் பெயர். இன்றைய ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவிகளிலும் அந்தக் கருத்து உயிரோடு இருக்கிறது.

ஊர்தி அலை போயிற்று. இரண்டு பட்டைகளில் ஒன்றையும் வெட்ட வேண்டும். வேலை கடினமாவது இங்கேதான். தொலைபேசிப் பேச்சு 300 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆகவே கீழ்ப்பட்டை முடியும் இடத்துக்கும் மேற்பட்டை தொடங்கும் இடத்துக்கும் இடைவெளி வெறும் 600 ஹெர்ட்ஸ். ஊர்தி அலை 10 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் அந்த 600 என்பது 6 சதவீதம். சுருளும் மின்தேக்கியும் சேர்த்துக் கட்டிய வடிகட்டியால் சமாளித்துவிடலாம். அதே 600 ஹெர்ட்ஸை 720 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுருள்-மின்தேக்கி வடிகட்டி அங்கே கைவிரித்துவிடும்.

வடிகட்டியும் அதே நிறுவனத்தில்தான் பிறந்தது. ஜார்ஜ் கேம்ப்பெல் என்ற பொறியாளர், தொலைபேசிக் கம்பிகளில் குரல் மங்காமல் போக என்ன செய்யலாம் என்று ஆராய்ந்தவர். சில அதிர்வெண்களை விட்டு மற்றவற்றைத் தடுக்கும் வடிகட்டிகளுக்கு 1917இல் அவர் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, 1918இல், பால்டிமோருக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஒரே இணைக் கம்பியில் வழக்கமான உரையாடலோடு கூடுதலாக நான்கு உரையாடல்கள் ஓடின. ஒவ்வொன்றும் ஒரு பக்கப்பட்டை, ஒவ்வொன்றும் வேறு உயரத்தில். ஒற்றைப் பக்கப்பட்டை முதலில் உழைக்கத் தொடங்கிய இடம் கம்பத்தில் தொங்கிய செம்புக் கம்பி. வானொலி அதற்குப் பின்னால் வந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒற்றைப் பக்கப்பட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மின்சாரம் மிச்சம், இடம் மிச்சம்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் பேச்சை 10 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியின் மேற்பட்டையாக மாற்றினால், அது 10,300இலிருந்து 13,400 வரை போய் உட்கார்கிறது. அகலம் அதே 3,100 ஹெர்ட்ஸ். உள்ளே இருக்கும் சுரங்களின் வரிசையும் பலமும் அப்படியே. குரல் வேறு பொருளாக மாறவில்லை. இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தலாம், மறுபடியும் நகர்த்தலாம், கடைசியில் பழைய இடத்துக்கே இறக்கி வைக்கலாம். இந்த நகர்த்தும் வசதிதான் இருபதாம் நூற்றாண்டின் நெடுந்தொலைவுத் தொலைபேசியைத் தாங்கி நின்றது.

அட்லாண்டிக்கைத் தாண்டும் வேலையில் இந்த வசதி எப்படிப் பயன்பட்டது என்று பார்க்கலாம். 1915இலேயே வெர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வால்வுகளை ஒன்றாகக் கோத்து, பாரிசுக்கும் ஹொனலூலுவுக்கும் குரலை அனுப்பிக் காட்டியிருந்தார்கள். சாதனைதான், ஆனால் தினமும் கட்டணம் வாங்கி நடத்தக்கூடிய சேவை அல்ல. பகலிரவு பாராமல் கடலைத் தாண்ட அன்று நம்பத்தக்கதாக இருந்தது நீண்ட அலை, அதாவது 60 கிலோஹெர்ட்ஸ் அளவு. அலைநீளம் 5 கிலோமீட்டர். எவ்வளவு பெரிய ஆண்டெனா கட்டினாலும் அந்த அலைநீளத்துக்கு முன் அது சிறியதுதான். சிறிய ஆண்டெனா மிகக் குறுகிய ஒரு பட்டையை மட்டும் நன்றாக வெளியே விடும். ஊர்தி அலையும் இரண்டு பக்கப்பட்டைகளும் சேர்ந்தால் 6 அல்லது 7 கிலோஹெர்ட்ஸ். அந்த அகலத்தை ஆண்டெனா தாங்காது. ஒரு பட்டை மட்டும் என்றால் 3 கிலோஹெர்ட்ஸ், தாங்கும். ஆகவே இங்கே ஒற்றைப் பக்கப்பட்டை சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஒன்று அல்ல, அது இல்லாமல் வேலையே நடந்திருக்காது.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் ராக்கி பாயிண்ட் நிலையத்துக்கான கருவியை வடிவமைத்தவர் ரேமண்ட் ஹைசிங். அவர் நேராக 60 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவவில்லை. பேச்சை முதலில் 30 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உள்ள ஊர்தியோடு பெருக்கி, வேண்டாத பட்டையை அங்கேயே வடிகட்டினார். வெட்டுவதற்கு ஏற்ற உயரம் அது. பிறகு அந்தத் தனிப்பட்டையை 90க்கு அருகே உள்ள இன்னொரு அலையோடு பெருக்கினார். இப்போது கழித்தலில் வருவது 60 பக்கம், கூட்டலில் வருவது 120 பக்கம். இரண்டுக்கும் நடுவே அத்தனை இடைவெளி இருப்பதால் இரண்டாவது வடிகட்டிக்கு வேலை சுலபம். கீழே வெட்டி மேலே தூக்குகிற இந்த இரண்டு படி முறைதான் இன்றுவரை பெரும்பாலான கருவிகளின் எலும்புக்கூடு.

1923 ஜனவரி 14 அன்று இரவு, நியூயார்க் பிராட்வேயில் இருந்த ஏடி அண்ட் டி தலைமை அலுவலகத்திலிருந்து நிறுவனத் தலைவர் தேயர் பேசினார். லண்டனின் நியூ சவுத்கேட்டில் கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். ஒருவழிச் சோதனைதான், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1927 ஜனவரி 7இல், பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. அனுப்புவது ராக்கி பாயிண்டும் இங்கிலாந்தின் ரக்பியும். வாங்குவது இரைச்சல் குறைந்த இடங்களாகத் தேடிப் பிடித்த அமெரிக்காவின் ஹூல்டனும், சற்றுப் பின்னர் ஸ்காட்லாந்தின் கூப்பாரும். முதல் அழைப்பில் ஏடி அண்ட் டியின் வால்டர் கிஃபர்டும் பிரிட்டிஷ் அஞ்சல் துறைச் செயலர் சர் ஈவ்லின் மர்ரேயும் பேசிக்கொண்டார்கள். மூன்று நிமிடத்துக்கு 75 டாலர். இரண்டு திசைக்கும் ஒரே பட்டை என்பதால், ஒருவர் பேசத் தொடங்கியதும் எதிர்த்திசையைத் தானாக மூடிவிடும் கருவி நடுவில் இருந்தது. ஒருவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும்.

கம்பி வழித் தொலைபேசியில் வளர்ச்சி இதைவிட வேகமாக நடந்தது. பேச்சுக்கு 3,100 ஹெர்ட்ஸ், பக்கத்து வழியோடு ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் ஓரம், ஆக ஒரு வழிக்கு 4 கிலோஹெர்ட்ஸ் என்று பன்னாட்டு அளவு நிலைபெற்றது. 12 குரல்களை அடுத்தடுத்து நகர்த்தி 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை அடுக்கினால் ஒரு தொகுதி. அடுத்து நடப்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த காரியம். அந்த 12 குரல்களையும் மறுபடி பிரிக்காமல், மொத்தத் தொகுதியையும் ஒரே குரல் என்று பாவித்து மேலே நகர்த்துகிறார்கள். ஐந்து தொகுதிகள் சேர்ந்து 312 முதல் 552 கிலோஹெர்ட்ஸ் வரை 60 குரல்கள். அதையும் ஒரே குரலாகப் பாவித்து இன்னும் மேலே. 1970களில் அமெரிக்காவின் எல்-5 அமைப்பில் ஒரு இணை அச்சுக் கம்பி ஜோடியில் 10,800 உரையாடல்கள் போயின. எல்லாம் அதே பெருக்கல், அதே வடிகட்டல், படிக்கு மேல் படி.

1956 செப்டம்பரில் திறக்கப்பட்ட முதல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி, ஸ்காட்லாந்தின் ஓபனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில்லுக்குப் போனது. தொடக்கத்தில் அதில் 36 வழிகள். கடலுக்கடியில் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் பணம். அதனால் பின்னாளில் 4 கிலோஹெர்ட்ஸை 3 ஆகக் குறுக்கி, அதே கம்பியில் 48 வழிகள் எடுத்தார்கள். நம் பக்கம் 1981இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே போட்ட கடலடிக் கம்பியும் இதே குடும்பம். அதன் வழியாக மலேசியாவில் இருந்த உறவினரோடு பேசிய குடும்பங்களின் குரல்கள் வங்கக் கடலின் அடியில் தனித்தனிப் பக்கப்பட்டைகளாக வரிசையில் போயின.

இவ்வளவு நல்ல முறை என்றால் ஒலிபரப்பு நிலையங்கள் ஏன் இதற்கு மாறவில்லை? ஊர்தி அலையை அனுப்பாமல் விட்டால், அதை வாங்குகிற இடத்தில் புதிதாக உண்டாக்க வேண்டும். ஏனென்றால் குரலைப் பழைய இடத்துக்கு இறக்கி வைக்க, எந்த அளவு மேலே தூக்கினோமோ அதே அளவு கீழே இறக்கியாக வேண்டும். சாதாரண வானொலிப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊர்தி அலை கூடவே வருகிறது. ஒரு டையோடு, ஒரு மின்தேக்கி இருந்தால் போதும், அலையின் உச்சிகளைத் தொட்டுக் குரல் வந்துவிடும். ஒற்றைப் பக்கப்பட்டையை அந்தப் பெட்டியில் கேட்டால் வாத்து கத்துவதுபோல் ஏதோ ஒன்று வரும், ஒரு சொல்லும் புரியாது.

உள்ளே நாமே உண்டாக்கும் ஊர்தி அலை 50 ஹெர்ட்ஸ் தவறிவிட்டால் என்ன ஆகும்? இதைச் சங்கீதக் கணக்கில் பார்த்தால் பளிச்சென்று விளங்கும். ஒரு பாடகரின் சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமம் 300, மேல் சட்ஜம் 400. சுருதியைக் கூட்டிப் பாடினால் மூன்றும் ஒரே விகிதத்தில் பெருகும், ராகம் மாறாது. ஆனால் பக்கப்பட்டையை 50 ஹெர்ட்ஸ் தவறாக இறக்கினால் மூன்றிலும் 50 கூடும்: 250, 350, 450. இப்போது 250ஐச் சட்ஜம் என்று கொண்டால் 350 எங்கே விழுகிறது? விகிதம் 1.4, ஏறக்குறைய பிரதி மத்தியமம். 450 விழுவது 1.8இல், கைசிகி நிஷாதத்தின் பக்கம். பஞ்சமம் மத்தியமமாகிவிட்டது, மேல் சட்ஜம் நிஷாதமாகிவிட்டது. மனிதக் குரலும் ஒரு அடிச்சுரமும் அதன் முழு மடங்குகளும் சேர்ந்தது என்பதால், பேச்சுக்கும் இதே கதிதான். சில பத்து ஹெர்ட்ஸ் தவறினால் பேச்சு விளங்கும், பேசுபவர் யாரென்று அடையாளம் காண்பது கடினம். 100, 200 தவறினால் விளங்குவதும் சிரமம். தப்பித் தவறி எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் குரலின் உச்சம் கீழாகவும் அடி மேலாகவும் தலைகீழாகிவிடும். எந்த மொழி என்றே தெரியாது. தொலைபேசித் துறை இதனால் நெடுந்தொலைவு இணைப்புகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலான பிசகு 2 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருந்தது.

ஆக, அனுப்புகிறவர் மிச்சம் பிடித்த செலவு கேட்கிறவர் தலையில் விழுகிறது. தொலைபேசியில் இரண்டு முனையும் நிறுவனத்தின் சொத்து. ஒரு பக்கம் மிச்சம், மறுபக்கம் செலவு, கூட்டிக் கழித்தால் லாபம். ஒலிபரப்பில் ஒரு நிலையத்துக்கு லட்சக்கணக்கான பெட்டிகள். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் துல்லியமான அலைவாக்கி வைப்பதைவிட, நிலையம் வீணாக மின்சாரம் செலவழிப்பது அன்று நியாயமாக இருந்தது. தொலைக்காட்சி நடுவழியில் நின்றது. நம் தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பில் படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அகலம். இரண்டு பட்டையும் அனுப்பினால் 10 வேண்டும். வழி ஒன்றுக்கு ஒதுக்கியதோ 7. ஆகவே மேற்பட்டை முழுவதும், ஊர்தி அலை, கீழ்ப்பட்டையில் எச்சமாகக் கொஞ்சம் என்று அனுப்பி, வீட்டுப் பெட்டியை எளிமையாக வைத்தார்கள்.

ஊர்தி அலையை நம்பி இருப்பதிலும் ஒரு விலை உண்டு. சிற்றலையில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நன்றாக வந்துகொண்டிருக்கும் பாட்டு திடீரென்று கரகரத்து, உடைந்து, சில நொடிகளில் மறுபடி சரியாகும். வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை இரண்டு பாதைகளில் வந்து சேரும்போது, குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் மட்டும் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தப் பள்ளம் நகர்ந்து வந்து சரியாக ஊர்தி அலையின் மேல் விழும்போது டையோடு குழம்பிப்போகிறது. பக்கப்பட்டைகள் வந்தும் குரல் உடைகிறது. ஒற்றைப் பக்கப்பட்டையில் ஊர்தி அலை உள்ளேயே பிறப்பதால் அது மங்குவதே இல்லை. பள்ளம் குரலின் ஒரு சிறு கீற்றைத் தின்னும், சொல் தப்பித்துவிடும்.

கேட்கிறவர் தலையில் செலவு என்ற கணக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாறத் தொடங்கியது. 1947இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்டு வில்லர்டும் மாணவர்களும், பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிற அமெச்சூர்களுக்கான அலைவரிசையில், ஒற்றைப் பக்கப்பட்டையில் பேசிக் காட்டினார்கள். அமெச்சூர்களின் கை கருவியின் குமிழில்தான் எப்போதும் இருக்கும். சில ஹெர்ட்ஸைத் தேடிச் சரிசெய்வது அவர்களுக்கு அலுக்காத வேலை. உச்ச ஆற்றலை ஒன்றாக வைத்து ஒப்பிட்டால், வீச்சுப் பண்பேற்றத்தைவிட இது 9 டெசிபெல், அதாவது சுமார் 8 மடங்கு, மேல். அமெரிக்க வான்படையின் நெடுந்தொலைவுக் குண்டுவீச்சுப் பிரிவின் தலைவர் ஜெனரல் கர்ட்டிஸ் லீமே தாமே ஒரு அமெச்சூர். காலின்ஸ் நிறுவனத்தின் அமெச்சூர் கருவிகளை விமானத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்த பின், 1950களின் இரண்டாம் பாதியில் அவருடைய பிரிவு இதற்கு மாறியது. காலின்ஸ் கருவிகளில் இருந்த வடிகட்டி ஒரு அற்புதம். நாணயம்போன்ற உலோகத் தகடுகளை மெல்லிய கம்பிகளால் இணைத்து, மின்னலையை இயந்திர அதிர்வாக மாற்றி, வேண்டிய அதிர்வுகளை மட்டும் கடத்தி மீண்டும் மின்னலையாக்கும். சுருளால் முடியாத கூர்மை அதில் கிடைத்தது.

இன்று கடலுக்கு மேலே பறக்கும் பயணி விமானங்களின் உயர் அதிர்வெண் வானொலி முழுவதும் மேற்பட்டைதான். வழக்கமான விமான வானொலி நேர்கோட்டில் போவது. சுமார் 400 கிலோமீட்டருக்கு அப்பால் தொடுவானம் மறைத்துவிடும். வங்கக் கடலின் நடுவே பறக்கும் விமானி சென்னையையோ கொழும்பையோ யாங்கோனையோ கூப்பிட இந்த ஒற்றைப் பட்டை இருக்கிறது. செயற்கைக்கோள் வழிச் செய்தி வந்துவிட்ட பிறகும் அதை விமானத்திலிருந்து இறக்கிவிடவில்லை. அந்த உயர் அதிர்வெண் வானொலியில் வரும் இரைச்சலை மணிக்கணக்கில் காதில் வாங்கிக்கொண்டிருக்க எந்த விமானியாலும் முடியாது. ஆகவே தரையிலிருந்து அந்த விமானத்துக்கென்று ஒதுக்கிய சுரங்கள் வரும், விமானி அறையில் மணி அடிக்கும், அதன் பிறகு காதில் மாட்டினால் போதும்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹைதராபாத்திலிருந்து ஒரு அமெச்சூர் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானிலிருந்து அமெச்சூர் குரல் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் உலகம் முழுவதும் அவர்களைப் பிடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள். 26ஆம் தேதி காலை சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்த தீவுகளிலிருந்து இந்தியத் தரைக்கு, அதே கருவிகளில், அதே ஒற்றைப் பட்டையில், உயிரோடு இருப்பவர்களின் செய்திகள் போயின. நூறு வாட் அளவுள்ள கருவிக்கும் ஒரு கம்பி ஆண்டெனாவுக்கும் அந்தத் தூரம் எட்டியது என்றால், ஊர்தி அலைக்கு எதையும் செலவிடாமல் முழு பலத்தையும் குரலுக்கே கொடுத்ததுதான் அதன் அடிப்படை.

அதே ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான் என்ற அமெச்சூர் 2000களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்றொரு கருவியை வடிவமைத்து, சுற்றுப்படத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இந்தியக் கடைத்தெருவில் கிடைக்கிற பொருள்களாலேயே ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவி கட்ட முடியும் என்று அது காட்டியது. வளையச் சுருளுக்கான காந்தக் கரு கிடைக்காத இடங்களில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரின் மேல் எனாமல் கம்பியைச் சுற்றச் சொன்னார். வடிகட்டிக்குக் கணிப்பொறிப் பலகைகளில் வருகிற மலிவான 10 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகங்கள் நான்கு. மேலே ஒரே எண் அச்சடித்திருந்தாலும் ஒவ்வொன்றும் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி அதிரும். ஆகவே ஒரு டஜன் வாங்கி, ஒவ்வொன்றாக அலைவாக்கியில் செருகி அளந்து, ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும் நான்கைப் பொறுக்குவார்கள். பொறுக்குவதில் பொறுமை இருந்தால் 600 ஹெர்ட்ஸ் இடைவெளியை வெட்டும் கத்தி தயார். கார்சன் காலத்தில் ஒரு பெரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தால் மட்டும் செய்ய முடிந்த காரியம் இப்போது வீட்டு மேசையில், ஒரு மாணவரின் கைச்செலவில் நடக்கிறது.

வடிகட்டியே இல்லாத வழியும் உண்டு. 1920களில் ரால்ஃப் ஹார்ட்லி காட்டியது அது. குரலையும் ஊர்தி அலையையும் கால் சுழற்சி தள்ளி இரண்டாவது படி ஒன்று எடுத்து, இரண்டு பெருக்கல்களையும் கூட்டினால் ஒரு பட்டை தானாக அழிந்துபோகும். பேச்சின் எல்லா அதிர்வெண்களையும் ஒரே கோணத்தில் தள்ளுவது மின்சுற்றில் பெரும்பாடாக இருந்ததால் அது பரவலாகவில்லை. இன்று குரலை எண்களாக மாற்றி மென்பொருள் அதைச் சில வரிகளில் செய்துவிடுகிறது. புதிய வானொலிகள் பலவற்றுள் ஹார்ட்லியின் வழி அப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது அமெச்சூர் அலைவரிசைகளில் ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவிகளை மும்முரமாக ஓட்டுவது மனிதக் குரல் மட்டுமல்ல. பல்சார் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், ஸ்டீவன் ஃபிராங்குடன் சேர்ந்து 2017இல் 'எஃப்டி8' என்ற முறையை வெளியிட்டார். கணிப்பொறி எட்டு மெல்லிய சுரங்களை மாறி மாறி ஒலிக்கும். மொத்த அகலம் 50 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைக் கருவியின் ஒலிவாங்கி நுழைவில் கொடுத்தால் கருவி அதைப் பேச்சென்றே எடுத்துக்கொண்டு, அப்படியே தூக்கி 14 மெகாஹெர்ட்ஸில் வைக்கும். எதிர்முனைக் கருவி அதே அளவு கீழே இறக்கிக் கணிப்பொறியிடம் கொடுக்கும். ஒரு குரலுக்கென்று ஒதுக்கிய 3 கிலோஹெர்ட்ஸ் வழியில் இப்படிப் பல பத்து நிலையங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை ஒன்று இடிக்காமல், ஒரே நேரத்தில் உலகம் முழுவதும் பேசிக்கொள்கின்றன.